தாம்பரத்து ஈயும் நீலகிரி மீனும்

"வியாபாரம் எப்படி நடக்கிறது?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். மந்தமாக இருந்தால், "ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சார்!" என்பார். வேலை ஒன்றுமில்லை என்பதற்கு நம் ஊரில் அதுதான் அடையாளம். ஆனால் ஈ ஓட்டுவது வேறு, ஈ கட்டுவது வேறு. ஈ கட்டுவதையே ஒரு கலையாகக் கொண்டு, அதற்குப் புத்தகம் எழுதி, சங்கம் வைத்து, இரவில் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமிகள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள்.

என்ன ஈ, எதற்காகக் கட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மீன் பிடிக்க நமக்குத் தெரிந்த வழி தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போடுவது. மீன் புழுவைத் தின்ன வரும், முள் தைக்கும். இந்த இன்னொரு வித்தையில் புழுவே கிடையாது. வெறும் முள்ளின்மேல் நூலையும் இறகையும் சுற்றி, பார்ப்பதற்குப் பூச்சி மாதிரி செய்துவிடுகிறார்கள். அதற்குத்தான் ஈ என்று பெயர். இந்த ஈக்கு எடையே இல்லை. ஆகவே கனமான நூல் ஒன்றைச் சாட்டை போலச் சுழற்றி, அதன் நுனியில் ஈயைக் கொண்டுபோய்த் தண்ணீரின்மேல் மெத்தென்று இறக்க வேண்டும். டிரவுட் என்னும் குளிர்நாட்டு மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பினால் உங்கள் ஜயம். நம்பாவிட்டால் மீனின் ஜயம். பெரும்பாலும் மீன்தான் ஜயிக்கும்!

"அதெல்லாம் சீமைத் துரைமார் விளையாட்டு, தாம்பரத்தில் இருக்கும் எனக்கு என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டிரவுட் தாம்பரத்தில் கிடையாது, வாஸ்தவம். ஆனால் இந்த வித்தையில் முக்கால் பங்கைத் தாம்பரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். மீதிக் கால் பங்குக்குத்தான் மலையேற வேண்டும். கற்றுக்கொண்டு திரும்பி வரும்போது, நம் ஏரிகளைப் பற்றி முன்பு தெரியாத சங்கதி ஒன்றும் தெரிந்துவிடுகிறது.

சண்முகம் சாலையில் ஒரு ஷாப்பிங்

ஈ கட்டுவது நேற்று வந்த நாகரிகம் அல்ல. ஏறக்குறைய 1,800 வருஷங்களுக்கு முன்பு ஏலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர், மாஸிடோனியா நாட்டு ஆற்றங்கரைக்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளை வைத்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். கம்பளி நூலும் சேவல் இறகும் அன்றைக்குப் போதுமாக இருந்தன. இன்றைக்கும் ஆரம்பக்காரருக்கு அவை போதும்.

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலை இருக்கிறதே, காய்கறியும் பூவும் பாத்திரமும் மலிந்து கிடக்கும் அந்தக் கடைவீதிக்குப் போவது போன்ற ஒரு கடைவீதிக்கு ஒரு பையோடு புறப்படுங்கள். தையல் சாமான் கடையில் மெல்லிய நூல்கண்டு இரண்டு: ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. அங்கேயே கொஞ்சம் ஜரிகை. பூச்சியின் உடம்பில் மின்னும் வரிகளுக்கு அது அற்புதமாகப் பொருந்தும். மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் தலைமயிர் கனமுள்ள செப்புக் கம்பி ஒரு முழம். நாட்டுக்கோழி விற்பவரிடம் சேவலின் கழுத்து இறகும் வால் இறகும் கேளுங்கள். அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்; அதைப் பொருட்படுத்த வேண்டாம். வீட்டுப் பெண்களிடம் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சீசா கடன் வாங்கிக்கொள்ளுங்கள். முடிச்சை உறைய வைக்க அது உதவும்.

மயில் தோகையும் நல்ல சரக்கு. மயில் தானே உதிர்த்த தோகையாக மட்டும் இருக்க வேண்டும். அதன் ஒரு இழையை எடுத்து முள்ளில் சுற்றினால் பச்சையும் செம்பும் கலந்து மின்னுகிற வண்டு உடம்பு தயார்.

முள்ளும், முள்ளைப் பிடித்துக்கொள்ளும் சிறு வைஸும் தூண்டில் சாமான் கடையில் வாங்க வேண்டியவை. முள்ளின் நம்பரில் ஒரு விசித்திரம் உண்டு: நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். 8 என்றால் பெரியது. 16 என்றால் கொசு அளவு. ஆரம்பக்காரருக்கு 10 அல்லது 12 சரியாக இருக்கும்.

முதல் ஈ

கட்டும் விதம் இதோ. முள்ளை வைஸில் இறுக்குங்கள். முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் நூலை ஆரம்பித்து, பூ கட்டுகிறவர் நார் சுற்றுவதைப்போல நெருக்கமாக வளைவு வரைக்கும் சுற்றிக்கொண்டு போங்கள். அங்கே சேவலின் வால் இறகிலிருந்து நாலைந்து இழைகளை வைத்துக் கட்டினால், நுனி வெளியே நீட்டிக்கொண்டு வாலாகிறது. அதே இடத்தில் செப்புக் கம்பியின் ஒரு முனையையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். இப்போது இழைகளின் மீதிப் பாகத்தை முன்பக்கம் நோக்கிச் சுற்றினால் உடம்பு ஆயிற்று. செப்புக் கம்பியை அதற்கு எதிர்த்திசையில் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள்; இழைகள் அவிழாமல் பிடித்துக்கொள்ளும், ஈக்கு முங்குவதற்குக் கனமும் கிடைக்கும். முன்பக்கத்தில் கொஞ்சம் தடிப்பாக மார்பு செய்து, நூலைத் தலைக்குக் கொண்டுவந்து முடிச்சிட்டு, ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். பத்து நிமிஷ வேலை. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும்.

இங்கிலாந்தில் ஏவன் நதியைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்த பிராங்க் ஸாயர் என்பவர், செங்கோழி போன்ற ஒரு பறவையான பெசன்ட்டின் வால் இழையையும் செப்புக் கம்பியையும் மட்டும் கொண்டு இப்படி ஓர் ஈயைக் கட்டினார். நூலைக்கூட அவர் உபயோகிக்கவில்லை. கம்பியே நூலாகவும் இருந்தது. 1958-இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அந்த ஈ உலகமெல்லாம் பரவியது. காரணம், அது எந்தப் பூச்சியையும் அச்சாகக் காப்பியடிக்கவில்லை. தண்ணீருக்குள் நீந்தும் பத்துவிதக் குஞ்சுப் பூச்சிகளுக்குப் பொதுவான சாயல் அதில் இருந்தது. நல்ல கேலிச்சித்திரக்காரர் நாலு கோட்டில் ஆளைக் கொண்டுவந்துவிடுகிறார் அல்லவா? அப்படித்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இடறுவார்கள். உடம்பை முள்ளின் கண் வரைக்கும் சுற்றிவிட்டு, தலைக்கு இடமில்லாமல் விழிப்பார்கள். அப்புறம் கண்ணில் நூல் கோக்கவும் முடியாது. ஆகவே, முன்னால் இரண்டு நெல் நுனி அகலம் காலியாக விட்டுவைப்பது உத்தமம்.

வீட்டில் கேள்வி வராமல் இருக்காது.

"என்னங்க, மணி பன்னிரண்டாகுது, விளக்கைப் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"ஈ கட்டறேன்."

"ஈயைக் கட்டி என்ன ஆகப்போகுது? கொசுவைக் கட்டிப் போட்டாலாவது தாம்பரத்துக்கே புண்ணியம்!"

இதற்கு நல்ல பதில் ஒன்றும் இல்லை. ஆனால் கொசு என்ற பேச்சை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

காட்டுச் சேவலின் கழுத்து

ஈ கட்டும் கலைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு பழைய பந்தம் இருக்கிறது. அது பெருமையும் சங்கடமும் கலந்த பந்தம். நம் மேற்கு மலைக்காடுகளில் விடியற்காலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை அறிவீர்கள். புதுச்சேரிக்கு வந்து போன பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் ஸொனரா என்பவரின் பெயரைத்தான் விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்தச் சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றிலும், அரக்கை உருக்கிச் சொட்டுவிட்டாற்போல, மஞ்சளும் வெள்ளையுமான பளபளப்பான புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் நனைந்தாலும் அந்தப் பளபளப்பு போகாது. ஈயின் கன்னத்தில் அதை ஒட்டினால் சிறு மீனின் கண் போலத் தோன்றும்.

வந்தது வினை! விக்டோரியா ராணி காலத்தில் ஸ்காட்லாந்து ஸாமன் மீனுக்குக் கட்டிய பகட்டான ஈக்களுக்கெல்லாம் நம் காட்டுச் சேவலின் கழுத்துத் தேவைப்பட்டது. இந்தியாவைத் தவிர வேறெங்கும் அந்தப் பறவை கிடையாது. சேவல்கள் குவியல் குவியலாக மடிந்தன. 1902-இல் அப்போதைய இந்திய சர்க்கார் காட்டுப் பறவைகளின் இறகையும் தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழியை வேட்டையாடுவதையே குற்றமாக்கியது. இன்றைக்குச் சீமையில் ஈ கட்டுகிறவர்கள், அங்கேயே கூண்டில் வளர்த்த காட்டுக்கோழியின் இறகை வாங்கிக்கொள்கிறார்கள். நமக்கு அதுவும் வேண்டாம். நாட்டுச் சேவல் கழுத்தின்மேல் ஒரு பொட்டு மஞ்சள் வர்ணம் வைத்தால் மீன் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

ஏரிக்கரைப் பள்ளிக்கூடம்

அடுத்த பாடம் வீச்சு. இதற்கு ஒன்பதடிக் கம்பு ஒன்றும், அதற்கேற்ற கனத்தில் மிதக்கும் நூலும் வேண்டும். தண்ணீர்கூட அவசியமில்லை, திறந்த மைதானம் போதும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளித் துணுக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். யார் காதிலும் தைக்காது.

கடிகாரத்தின் முன் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பைப் பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குத் தூக்கி நிறுத்துங்கள். நூல் பின்னால் நீளும். அது முழுவதும் நீளும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு முன்னால் செலுத்துங்கள். எல்லா ரகசியமும் அந்தப் பொறுத்திருப்பதில் இருக்கிறது. பலம் காட்டினால் நூல் காலடியில் சுருண்டு விழும். 30 அடி தூரத்தில் தாம்பாளத்தை வைத்து, பத்து வீச்சில் ஐந்து அதில் விழுந்தால் நீங்கள் மலைக்குப் போக யோக்கியதை பெற்றுவிட்டீர்கள்.

தாம்பரத்தில் இதற்கு ஏற்ற வேளை காலை ஆறு மணி. பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்துவிடும். அதுவும் ஒரு வாத்தியார்தான். காற்று இடது பக்கத்திலிருந்து வரும்படி நின்று வீசிப் பழகினால், மலை ஏரியில் காற்றடிக்கும்போது திண்டாட்டம் இருக்காது. ஏரிக்கரையில் நின்று பழகினால் மட்டும் பையன்கள் கூடிவிடுவார்கள். "சார், தண்ணி என்ன தப்புப் பண்ணிச்சு? ஏன் சாட்டையால அடிக்கிறீங்க?" என்று கேட்பார்கள்.

அந்தப் பையன்களையே மூன்றாவது பாடத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடம்தான் முக்கியமானது. ஈ கட்டத் தெரிந்தால் போதாது. எந்த ஈயைக் கட்டுவது என்று தெரிய வேண்டும். அதற்கு மீன் என்ன சாப்பிடுகிறது என்று தெரிய வேண்டும். செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி ஜில்லா என்றே பெயர். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் ஓர் ஏரிக்கரையில் போய் முட்டிக்கொள்ளலாம். கரை ஓரத்துப் பாசியில் டீ வடிகட்டியை ஓட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, இரண்டு நிமிஷம் சும்மா பாருங்கள். காலித் தட்டு என்று நினைத்தது உயிர் பெற்று அசையும்!

மூன்று வால் இழைகளோடு நெளியும் சிறு ஜந்து ஒன்று. அது சிறகு முளைத்து வெளியே வந்தால் ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆயுசு. முரட்டுத் தலையோடு தவழ்கிறதே, அது தட்டாம்பூச்சியின் குழந்தை. பயந்தால் பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி பாயும். துடுப்புப் போடுவதுபோல் கால் வீசி நீந்துவது ஒரு பூச்சி. கடைசியாக, குங்குமச் சிவப்பில் நெளியும் மெல்லிய புழு. அது கொசுவுக்கு ஒன்றுவிட்ட உறவு, கடிக்காத ஜாதி. உங்கள் வீட்டு அம்மாள் சொன்ன கொசு இங்கே வந்துவிட்டது, பார்த்தீர்களா? உலகத்து ஏரிகளில் டிரவுட் தின்னும் ஆகாரங்களில் இந்தக் கொசு வர்க்கம்தான் முன்வரிசையில் நிற்பது.

இந்தச் சிவப்புக்கு ஒரு காரணம் உண்டு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அந்தப் புழுவின் உடம்பில் இருக்கிறது. ஆகவே பிராணவாயு அநேகமாக இல்லாத சாக்கடைச் சேற்றிலும் அது பிழைத்துக்கொள்ளும். மூன்று வால் ஜந்தோ, தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் போய்விடும். தட்டில் எல்லாரும் இருந்தால் அந்த ஏரி சௌக்கியம். சிவப்புப் புழு மட்டும் மிஞ்சி இருந்தால் ஏரிக்குக் காய்ச்சல். டாக்டர் நாடி பிடிப்பதைப் போல, ஒரு ஏரிக்கு என்ன ஈ கட்ட வேண்டும் என்று பார்த்தாலே அதன் உடல்நிலை தெரிந்துவிடுகிறது. சிவப்பு ஈயைத் தவிர வேறு ஈக்கு வேலை இல்லாத ஏரியின் மீனைப் பிடித்தாலும் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மீன் வேண்டும் என்பவர்களுக்கு ஜிலேபி இருக்கிறது. நீங்கள் கட்டிய ஈயை அதுவும் சில சமயம் கவ்வும். குத்தகைக்காரரிடமும் சம்பந்தப்பட்டவர்களிடமும் கேட்டுக்கொண்டு தூண்டில் போடுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் மட்டும் கம்போடு போக வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் பிரசித்தியும் பெற்றுவிட்டது.

டிரவுட் ஏன் தாம்பரத்துக்கு வராது?

ஒரே காரணம், வெயில். டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் சுகம். 20-ஐத் தாண்டினால் மூச்சு முட்டும். 25-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. சித்திரை, வைகாசியில் நம் ஏரித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் வைத்திருக்குமானால், 30 டிகிரியில் ஏழரைதான். நாம் நெரிசல் வேளை மின்சார ரயிலில் மூச்சுவிடுவது போலத்தான்.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். உதகை 2,240 மீட்டர் உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த மீன் இருக்க வேண்டுமானால் அது ஏன் நீலகிரியில் இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஆனால் அது நீலகிரியில் பிறந்த மீனும் அல்ல. கப்பலேறி வந்த விருந்தாளி.

நாற்பது வருஷத்து ஆசை

1863-இல் சென்னை ராஜதானியில் வைத்திய உத்தியோகத்தில் இருந்த பிரான்ஸிஸ் டே என்பவர் டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய அதே டேதான். அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. மலை ரயில் இல்லை. ஐஸும் பாசியும் வைத்துப் பொதிந்த முட்டைகள் உஷ்ணக் கடலைத் தாண்டி உயிரோடு வர வேண்டும். முயற்சி பலிக்கவில்லை. அடுத்த வருஷமே 'நார்போக்' என்ற கப்பலில் ஐஸ் அறைக்குள் வைத்த முட்டைகள் டாஸ்மேனியா போய்ச் சேர்ந்து பொரிந்தன. நீலகிரிக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், மீன் வருவதற்கு முன்பே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நீலகிரியின் வேட்டை மிருகங்களையும் மீன்களையும் காப்பாற்ற 1879-இல் தனிச் சட்டமே போட்டார்கள். தொட்டில் வாங்கி வைத்துவிட்டுக் குழந்தைக்குக் காத்திருந்த கதைதான்!

குழந்தை வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எச். ஸி. வில்ஸன் என்பவர், முன்னவர்கள் நம்பியிருந்த பழுப்பு டிரவுட்டை விட்டுவிட்டு, அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டைத் தேர்ந்தெடுத்தார். அது கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. 10 டிகிரித் தண்ணீரில் ஒரு மாதம் போல முட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் குஞ்சு வரும். குஞ்சுகளை வளர்த்து ஓடைகளில் விட்டார்கள். மலை ரயில் உதகைக்கு வந்து சேர்ந்தது 1908-இல். ரயிலுக்கு முன்னால் மீன் வந்துவிட்டது!

இன்னும் ஒரு விருந்தாளியின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குத் திலேப்பியா மீனைக் கொண்டுவந்தார்கள். அதைத்தான் நாம் ஜிலேபி என்கிறோம். அதற்கு ஐஸ் வேண்டாம், பொரிப்பகம் வேண்டாம், வாயிலேயே முட்டையை வைத்துக் காப்பாற்றும். இன்றைக்கு அது இல்லாத ஏரி நம் பக்கத்தில் அபூர்வம். ஒருவரை நாற்பது வருஷம் வருந்தி அழைக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் வந்த மறுநாளே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். உள்ளூர் உயிர்களுக்கு அதிகக் கெடுதல் செய்யும் உலகத்தின் நூறு அந்நிய ஜாதிகள் என்று ஆராய்ச்சியாளர்கள் போட்ட பட்டியலில் இந்த இரண்டு மீன்களுமே இருக்கின்றன. ஆகவே, ஓரிடத்து மீனைப் பிடித்து இன்னோர் இடத்துத் தண்ணீரில் விட்டுவிடும் தர்மகாரியத்தை யாரும் செய்ய வேண்டாம்.

மலைக்குப் புறப்படுவோம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலுக்குப் போனால் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கே நீல நிறக் குட்டி ரயில் காத்திருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறும். 46 கிலோமீட்டரில் 16 குகைகள். சொந்தக் காரில் போவதாக இருந்தால் ஒரு ஞாபகம்: உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உதகையிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குத் தேயிலைத் தோட்டங்களையும் காரட் பாத்திகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். பிறகு சோலைக் காடு ஆரம்பம். அவலாஞ்சி என்றால் சரிவு. பழைய காலத்தில் மலை சரிந்ததால் வந்த பெயர். மழை இங்கே சாமானியமாகப் பெய்யாது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாம்பரத்தில் அப்படிப் பெய்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவலாஞ்சி, எமரால்டு ஏரிகள் இயற்கை ஏரிகள் அல்ல. கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். ஓடை மீனுக்கு அங்கே அசையாத தண்ணீரில் வாழும் வகை ஏற்பட்டது. காடு வனத்துறை வசம். மீன் மீன்வளத்துறை வசம். உதகையில் கேட்டு, அனுமதி பெறாமல் கம்பை உறையிலிருந்து எடுக்கக்கூடாது. அனுமதிக்காத காலமானால் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். பார்ப்பதற்கு உரிமம் தேவையில்லை.

அசையாத தண்ணீரில்

ஓடையில் தண்ணீர் ஓடும், மீன் ஓரிடத்தில் நிற்கும். ஏரியில் தண்ணீர் நிற்கும், மீன் ஓடும். ஆகவே ஏரியில் தூண்டில் போடுகிறவர் முதலில் ஐந்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். எந்தக் கரையில் காற்று மோதுகிறதோ அங்கேதான் விழுந்த பூச்சிகள் ஒதுங்கும். மீனும் அங்கே ரோந்து வரும். காலையிலும் சாயங்காலத்திலும் ஓரத்துக்கு வரும், வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போகும். வெளிச்சச் சட்டை வேண்டாம். உங்கள் நிழலும் தண்ணீரில் விழ வேண்டாம்.

வீசிய பிறகு ஈ முங்கட்டும். மனசுக்குள் ஐந்து எண்ணி இழுங்கள். ஒன்றும் இல்லையா? அடுத்த தடவை பத்து, அப்புறம் பதினைந்து. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை இப்படி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இழுப்பதிலும் அவசரம் கூடாது. விரல்களில் நூலை எட்டுப் போடுவது போலச் சுற்றிச் சுற்றி, அங்குலம் அங்குலமாக இழுங்கள். பீங்கான் தட்டில் அந்த மூன்று வால் ஜந்து எப்படி நகர்ந்தது? அப்படி. கொசு வர்க்கத்தின் கூட்டுப்புழு பாவனையில் கட்டிய ஈயானால் இழுக்கவே வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சும்மா தொங்கட்டும்.

திடீரென்று நூல் நேராகும். கம்பை உயர்த்துங்கள். அவ்வளவுதான், கையில் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும். தூக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்துவிட்டு, மீன் மூச்சு வாங்கும் வரை தண்ணீரிலேயே ஏந்தியிருந்து விட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம்.

நாள் முழுவதும் நின்றும் மீனே கடிக்காமல் போகலாம். அதுவும் இந்த வித்தையில் சகஜம். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த கண்ணோடு திரும்புகிறோம்.

ஊர் திரும்பிய பிறகு

அந்தக் கண்ணுக்குத் தாம்பரத்தில் நிறைய வேலை இருக்கிறது. மலையில் ஒரு மீனுக்காகத் தண்ணீரின் குளிர்ச்சியை டிகிரி டிகிரியாக எண்ணினார்கள், நாற்பது வருஷம் காத்திருந்தார்கள். நம் ஏரிகளுக்கு யாரும் எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. விராலும் கெளுத்தியும் கெண்டையும் மதகும் கலங்கலும் தாத்தா காலத்திலிருந்தே இருந்தன. வயல் வீடான பிறகு ஏரி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே சாலை போகிறது. பல ஏரிகளில் கழிவுநீர் கலந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும் என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூர்க்காரர்களும் வரதராஜபுரத்துக்காரர்களும் மாடியில் நின்று பார்த்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரி வற்றிக் கிடந்தபோது, குடியிருப்போர் தாங்களே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். பிறகு அரசாங்க வேலையும் நடந்தது. சேலை கட்டிய பாட்டிமார் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை ஏரியை "எங்கள் ஏரி" என்று சொல்ல ஆரம்பித்தால் பாதி வியாதி தீர்ந்த மாதிரி.

ஆகவே, வாசகர்களே, டிரவுட்டைப் பிடிக்கிறீர்களோ இல்லையோ, ஒரு ஈயைக் கட்டிப் பாருங்கள். அதைக் கட்டுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு டீ வடிகட்டியும் வெள்ளைத் தட்டுமாக, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரிக்கரைக்குப் போங்கள். எத்தனை வகை ஜந்து தட்டில் அசைகிறது என்று எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம் மறுபடியும் எண்ணுங்கள். அந்த மூன்று வால் ஜந்து இன்னும் இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால், வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்!